பைடெஸ்டுக்கு மாறுவதா, யுனிட்டெஸ்டே போதுமா?

வெள்ளவத்தையான்:
எங்கள் ஒஃபிஸில் பில் போடும் மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் எல்லாம் பைதன் மொழியோடு கூடவே வரும் யுனிட்டெஸ்ட் என்ற கருவியில்தான். தனியாக நிறுவ வேண்டிய பைடெஸ்டுக்கு மாறுவோம் என்றால், சீனியர் ‘கையில் இருப்பதை விட்டுவிட்டு வெளியே ஏன் தேடுகிறாய்’ என்று ஒரே பிடி. 2024 ஜனவரி 1 வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனபோது நான் பட்ட பாடு இருக்கிறதே, ஒரே டெஸ்டைத் தொகையை மட்டும் மாற்றிப் பதினொரு தடவை நகல் எடுத்து வைத்திருந்தார்கள், பதினொன்றையும் கையால் திருத்தினேன். பைடெஸ்டில் பாராமெட்ரைஸ் போட்டால் ஒரு டெஸ்ட், மேலே தொகைகளும் வரவேண்டிய விடைகளும் கொண்ட ஓர் அட்டவணை, அவ்வளவுதான்.

பழைய_கோடர்:
தம்பி, அது நகல் எடுத்தவரின் சோம்பல். பைதன் 3.4 இலிருந்தே யுனிட்டெஸ்டில் சப்டெஸ்ட் இருக்கிறது, லூப்புக்குள் போட்டால் ஒரு தொகைக்குப் பிழை வந்தாலும் மற்றவை ஓடும். எனக்குப் பைடெஸ்டில் ஒத்துவராதது ஃபிக்ஸ்சர், அதுதான் டெஸ்டுக்கு வேண்டியதைத் தயார் செய்து கொடுக்கும் ஃபங்ஷன். ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் ‘டிபி’ என்று ஒரு பெயர் நிற்கும், எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மூன்று ஃபோல்டருக்கு மேலே ஒரு கொன்ஃப்டெஸ்ட் ஃபைலில் குந்தியிருக்கும். புதிதாக வந்த பிள்ளை ஒன்று அரைநாள் தேடியது.

வெள்ளவத்தையான்:
யுனிட்டெஸ்டில் அதே தயாரிப்பைச் செய்யும் உங்கள் செட்டப் மட்டும் தாய் கிளாஸ், அதற்கும் தாய் கிளாஸ் என்று ஏறிப் போகாதா அண்ணை? பைடெஸ்டில் ஃபிக்ஸ்சர்ஸ் ஒப்ஷனைக் கொடுத்தால் எது எந்த ஃபைலில் என்று பட்டியலே வரும். அப்புறம் விடையை ஒப்பிட வெறும் அசெர்ட் என்ற சொல் போதும், பிழை வந்தால் இரண்டு பக்கமும் என்ன வந்தது என்று பிரித்துக் காட்டும். ஜாவாக்காரரின் டெஸ்ட் கருவி ஜேயுனிட்டைப் பார்த்து யுனிட்டெஸ்டை எழுதியதில் வந்த, நடுவில் பெரிய எழுத்து துருத்தும் அந்த ஒட்டகத் திமில் பெயர்களோடு இன்னும் யார் மாரடிப்பது? மாறுவதற்கு எதையும் திருப்பி எழுதவும் வேண்டாம், பழைய கிளாஸ்களைப் பைடெஸ்ட் அப்படியே ஓட்டும்.

பழைய_கோடர்:
ஓட்டும். ஆனால் அந்தக் கிளாஸ்களுக்குள் உன் பாராமெட்ரைஸ் வேலை செய்யாது, அதை யாரும் சொல்லவில்லையா? பதினொன்றும் பதினொன்றாகவே கிடக்கும்.

கொட்டாஞ்சேனை_அக்கா:
சண்டை பிடியுங்கள், நடுவில் ஒரு கேள்வி. அட்டவணையில் வரவேண்டிய விடையை யார் போட்டது? எங்களிடம் வற்றை முழு ரூபாயாக்கும் ஃபங்ஷன் ஒன்று இருந்தது. 25 ரூபாய்க்கு 18 வீதம் நாலரை, கணக்காளர் 5 என்பார், பைதனின் ரவுண்ட் 4 என்கிறது, ஏனென்றால் சரிபாதி வந்தால் அது இரட்டை எண் பக்கம் சாயும். டெஸ்டிலும் 4தான், எழுதியவர் கோடை ஓட்டி வந்த விடையை எடுத்து ஒட்டியிருக்கிறார். மாதக்கணக்காகப் பச்சை, அதாவது டெஸ்ட் பாஸ். பைதனின் டெசிமல் எண்ணுக்கு மாற்றி, சரிபாதியை மேலே ஏற்றும் ரவுண்ட் ஹாஃப் அப் என்று சொல்லிக் கொடுத்த பிறகுதான் 5 வந்தது. யுனிட்டெஸ்டோ பைடெஸ்டோ, எந்த ஃபிரேம்வேர்க் இதைப் பிடித்திருக்கும்?

பழைய_கோடர்:
அது வேறு கதை அக்கா. தம்பி கேட்டது மாறுவதா என்று.

வெள்ளவத்தையான்:
வேறு கதை இல்லை அண்ணை. இப்போதுதான் எங்கள் ஃபங்ஷனில் 25ஐப் போட்டுப் பார்த்தேன். 4. கணக்காளர் அறைக்குப் போய்விட்டு வருகிறேன்.