நான் விட்ட கப்சா எனக்கே ஃபார்வர்டாகத் திரும்பி வந்துவிட்டது

மொட்டைமாடி:
போன மாதம் சும்மா இருக்க முடியாமல் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு கப்சா விட்டேன். இட்லித் தட்டில் நடுக்குழி இட்லி மட்டும் எப்போதும் வடக்குப் பக்கம் கூடுதலாக உப்பும், பூமியின் காந்தப்புலம்தான் காரணம் என்று. நேற்று பெரியப்பா அதையே எனக்கு அனுப்பியிருக்கிறார். மேலே மூன்று ரோஜாப்பூ, கீழே "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல", நடுவில் "நாசா உறுதி செய்தது". இந்த நாசா நான் போட்டது இல்லை, சத்தியமாக. காலையில் அம்மா இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டில் வடக்கு எது என்று கேட்கிறார். இப்போது உண்மையைச் சொல்வதா, அப்படியே விட்டுவிடுவதா? அப்புறம், பொங்கலுக்கு அபார்ட்மென்ட்டில் வினாடி வினா நடத்துவதும் நான்தான். எது நிஜம், எது கப்சா என்று ஒரு சுற்று வைக்கலாமா?

பழையபேப்பர்:
தாராளமாக வையுங்கள். இதையே வேண்டுமென்று செய்த ஆள் ஒருவர் உண்டு. அமெரிக்காவில் ஃபிரெட் வொர்த் என்பவர் துணுக்குச் செய்திகளைத் தொகுத்துக் கலைக்களஞ்சியம் போட்டார். யாராவது காப்பியடித்தால் மாட்ட வேண்டுமே என்று, டிவி துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் ஃபிலிப் என்று ஒரு பொய்யை உள்ளே சொருகி வைத்தார். தொடரில் அவர் முதல் பெயரை யாரும் வாயால் சொல்வதே இல்லை. பிற்பாடு ட்ரிவியல் பர்சூட் என்ற வினாடி வினா விளையாட்டின் அட்டையில் அதே ஃபிலிப் வந்து நின்றார். மனிதர் விடுவாரா, 1984-ல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கம்பெனிக்காரர்கள் மழுப்பவே இல்லை, ஆமாம், உங்கள் புத்தகத்தையும் பார்த்தோம், வேறு புத்தகங்களையும் பார்த்தோம் என்றார்கள். தகவலுக்குக் காப்புரிமை கிடையாது என்று வழக்கு தோற்றுப்போனது. கையும் களவுமாகப் பிடித்தும் பைசா தேறவில்லை.

கல்தின்னி:
ஜெர்மனியில் இதைவிட மோசம். கல்லைத் தின்னும் பேன் ஒன்று இருப்பதாக லோரியோ என்ற நகைச்சுவையாளர் டிவியில் விட்ட கதை, 1983-ல் ப்ஷைரெம்பெல் என்ற மருத்துவ அகராதிக்குள்ளேயே ஏறிவிட்டது. டாக்டர்கள் புரட்டுகிற அகராதி! பிறகு ஒரு பதிப்பில் தூக்கினார்கள், வாசகர்கள் சண்டைக்கு வந்ததும் 1997-ல் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். அதனால் உங்கள் வடக்கு இட்லிக்கும் நல்ல எதிர்காலம் இருக்கிறது.

மேலவீதி:
தஞ்சாவூர் பெரிய கோயில் விமான நிழல் தரையில் விழாது என்பதையும் கப்சா பக்கம் சேருங்கள். நான் அந்த ஊர்க்காரன். சாயங்காலம் கல்தரையில் கால் வைக்க முடியாது, செருப்பும் வெளியே கிடக்கும், நாங்கள் ஓடிப் போய் உட்காருவதே அந்த நிழலில்தான். உட்கார்ந்துகொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் "நிழலே விழாதாம்" என்று ஒருத்தர் சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

வால்பையன்:
நிஜம் பக்கத்துக்கு ஒன்று தருகிறேன், ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் வோம்பாட் என்று குண்டாக ஒரு பிராணி, அதன் புழுக்கை பகடைக்காய் மாதிரி கனசதுரமாக இருக்கும். குடலின் கடைசிப் பகுதிச் சுவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுபடாது, சில இடம் விறைப்பு, சில இடம் தொளதொள, அதனால்தான் மூலை விழுகிறது. இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2019-ல், முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

மேலவீதி:
வால்பையன், டிபன் சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். நன்றி.

மொட்டைமாடி:
பெரியப்பாவுக்குப் போன் போட்டு, அது நானே கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டேன். "நீ என்ன நாசாவை விடப் பெரிய ஆளா?" என்று வைத்துவிட்டார். இட்லிப் பானை மூடியில் இப்போது மார்க்கரால் ஒரு அம்புக்குறி இருக்கிறது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.