அறிவியல் பாட்காஸ்ட் கேட்பவர்களே, இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்: குமரி மாவட்ட அனுபவப் பகிர்வு

குலசேகரம் வெட்டுக்காரன்

நேராகச் சொல்லிவிடுகிறேன். என் மாமாவிடம் நான் வாதத்தில் ஜெயித்தேன். அதுதான் உறுத்துகிறது.

காலை நாலரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் இறங்கினால் வெட்டு முடிய ஏழரை ஆகும். அதுவரை காதில் பாட்காஸ்ட்தான். நரம்பியல் மருத்துவர் ஸ்டீவன் நோவெல்லா தம்பிமாரோடும் நண்பர்களோடும் 2005 முதல் வாரந்தோறும் நடத்தும் நிகழ்ச்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் சில அறிவியல் செய்திகளைப் படித்து, எது புனைவு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்களே, அந்தப் பகுதி வந்தால் கத்தியை மரத்தில் வைத்தபடியே நின்று நானும் பதில் சொல்வேன். தர்க்கப் பிழைகளின் பெயர்களையெல்லாம் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன்.

சித்தியின் புது வீட்டுப் பால்காய்ப்பில் பந்தி. மாமா எனக்கு எதிர் இலை. அடைப்பிரதமன் பாயசத்தை இரண்டாம் முறை விடச் சொல்லிவிட்டு, "சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன் மக்களே, இரவு நிகழ்ச்சியில் ஒரு வைத்தியர் சொன்ன பொடிதான் இப்போது. 280 இருந்தது 190 ஆகிவிட்டது" என்றார். நான் விடவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது, இரண்டு மாதமாகக் காலையில் நடக்கிறீர்கள், சாயாவில் சீனியை விட்டீர்கள், அதையெல்லாம் விட்டுவிட்டுப் பொடிக்குப் பெருமையா என்று சத்தமாகவே கேட்டேன். பந்தியே சிரித்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் இலையை மடித்தார். பிரதமன் இலையிலேயே கிடந்தது.

எட்டு மாதம் கழித்துக் காலில் புண். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மாத்திரையை மீண்டும் போடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மாமி என்னிடம் சொன்னது இதுதான்: "காலில் உணர்ச்சி குறைகிறது என்று உன்னிடம் கேட்கலாம் என்றேன். அவன் சிரிப்பான் என்றார்."

குளச்சல் துறை

வெட்டுக்காரன் அண்ணா, உங்கள் கதையில் நீங்கள் சொன்னதாவது சரி. நான் சொன்னதே தவறு.

எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் வதந்தி பிடிக்கும் ஆள் நான்தான். "நாளை இரவு சுனாமி" என்று ஒரு குரல் பதிவு சுற்றியபோது, நிலநடுக்கத்தை நாள் குறித்துச் சொல்ல உலகில் எவராலும் முடியாது, கடலடியில் நடுக்கம் வந்தபிறகுதான் ஹைதராபாத்தில் இருக்கும் கடல் எச்சரிக்கை மையம் எச்சரிக்கை விடும் என்று விளக்கி எழுதினேன். மூட்டை கட்டிய மூன்று வீட்டார் அவிழ்த்து வைத்தார்கள். 2004 சுனாமியில் குளச்சலில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்த மூட்டையின் பொருள் புரியும். அன்று எனக்கு நல்ல பெயர்.

அடுத்தது 2024 மே மாதம். மீண்டும் ஒரு குரல் பதிவு. கடல் உள்ளே ஏறும், வள்ளங்களை மேலே இழுத்துக் கட்டுங்கள், கரையில் நிற்காதீர்கள் என்றது. யார் பேசுகிறார் என்று இல்லை. பதற்றமான குரல். வெளியே காற்றில்லை, மழையில்லை, வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நான் கேட்கும் நிகழ்ச்சிகளில் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் பொருந்தின. ஒரே வார்த்தையில் "வதந்தி" என்று போட்டேன். தம்பி வள்ளத்தை இழுக்கவில்லை.

அது உண்மையான எச்சரிக்கை. ஹைதராபாத் மையம் விட்டதைத்தான் யாரோ தன் குரலில் சொல்லியிருக்கிறார். கள்ளக்கடல். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் புயல் கிளப்பும் அலை, நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். இங்கே ஒரு அறிகுறியும் தெரியாது, அதனால்தான் கள்ளன் என்று பெயர். சந்துக்குள் தண்ணீர் வந்தபோது பாட்டி அரிசிப் பானையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பதிவைக் கேட்டவுடனே ஏற்றத் தொடங்கிவிட்டாளாம். "பொய் என்றால் அரிசியை இறக்கி வைப்பேன், அவ்வளவுதானே" என்றாள்.

எங்களுக்கு வள்ளத்தின் ஒரு பக்கம்தான் போயிற்று. அதே நாட்களில் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். அந்த ஒற்றை வார்த்தையை நான் இன்னும் குழுவிலிருந்து அழிக்கவில்லை.

மார்த்தாண்டம் டீச்சர் (ஓய்வு)

என் அனுபவம் சிறியது. 1995 செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடித்த நாள். பள்ளிக்கூடம் பாதி காலி. நான் ஆய்வகத்திலிருந்த ஈயக் காகித எடைக்கல் ஒன்றை மேசைமேல் வைத்து, பாலில் நீல மையைக் கலந்து கரண்டியை அதன் விளிம்பில் ஒட்டிப் பிடித்தேன். கரண்டி காலியாயிற்று, கல்லின் அடியில் நீலக் கோடு ஓடியது. பரப்பு இழுவிசை. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு சிறுமி மட்டும், "டீச்சர், அப்படியானால் என் அம்மா காலையில் அழுதது எதற்கு?" என்று கேட்டாள். மணி அடித்ததைச் சாக்காக வைத்து நான் நழுவிவிட்டேன்.

பிள்ளைகளுக்காகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். குளச்சல் மகளே, உன் பிழை ஐயப்பட்டதில் இல்லை, சரிபார்க்காமல் நிறுத்தியதில் இருக்கிறது. பதற்றமான குரல் பொய்க்கு அடையாளம் அல்ல. தெளிந்த வானமும் அப்படியே. எச்சரிக்கை விடும் அலுவலகத்தின் பக்கத்தைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் பார்க்காதவரை "தெரியவில்லை" என்று எழுது. நம்பினால் என்ன நஷ்டம், நம்பாவிட்டால் என்ன நஷ்டம் என்று இரண்டையும் தட்டில் வைத்துப் பார். உன் பாட்டி செய்தது அதைத்தான்.

வெட்டுக்காரன் தம்பிக்கு: குணமான ஒருவரின் கதை காதில் விழும்போது, குணமாகாதவர்கள் யார் நிகழ்ச்சிக்குத் தொலைபேசி செய்வார்கள் என்று கேட்டுப் பழகுங்கள். ஆனால் மாமாவிடம் அல்ல, முதலில் உங்களிடமே. ஜாதக நிகழ்ச்சி கேட்பவர்களை நாம் இளப்பமாக நினைக்கிறோம். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களிடம் குணநலன் குறிப்பு என்று ஒரே தாளை, அதுவும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகளை, தனித்தனியாகக் கொடுத்தார். ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டு, "இது நானேதான்" என்றார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள்! படித்தவருக்கும் படியாதவருக்கும் மனம் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறது. இன்னொன்று. நிகழ்ச்சி நடத்துபவர் எதையாவது விற்கிறாரா என்று பாருங்கள். விற்றால் அது விளம்பரம், அறிவுரை அல்ல. நமக்குப் பிடித்த பகுத்தறிவு நிகழ்ச்சிக்கும் இதே அளவுகோல்தான். வகுப்பில் முப்பது ஆண்டுகள் இதையே சொன்னேன், இன்னும் சொல்வேன்.

பின்குரல்

விற்பதைப் பற்றி டீச்சர் சொன்னதால் எழுதுகிறேன். இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

2011, 2012 வாக்கில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. நேரம் வாங்கி ஒலிபரப்பும் மருத்துவ நிகழ்ச்சிகளை அங்கே தயாரிப்பார்கள். குணமான நோயாளி தொலைபேசியில் பேசுவதுபோல் வருமே, அதற்கு ஆள் கிடைக்காத நாளில் நான் பேசுவேன். பக்கத்து அறையிலிருந்து கைப்பேசியில் பேசினால் உண்மையான அழைப்புப்போல இரைச்சலோடு பதிவாகும். ஒரு குரலுக்கு 150 ரூபாய். தோவாளை பூ வியாபாரி, திங்கள்நகர் டெய்லர், பூதப்பாண்டி விவசாயி எல்லாம் நான்தான். பதினைந்து வருடச் சர்க்கரை மூன்று மாதத்தில் போயிற்று என்று சொல்லிவிட்டுத் தொண்டை அடைத்ததுபோல் ஒரு நொடி நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தத்தை நானே கண்டுபிடித்தேன், அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது அன்று எனக்குத் தெரியாது. பொய் என்பது தெரியும்.

வேலையை விட்டு மூன்று வருடம் கழித்து, வடசேரி பஸ் நிலையத்தில் டீக்கடை வானொலியில் பூதப்பாண்டி விவசாயி பேசுகிறார். மறு ஒலிபரப்பு. பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் மருத்துவமனை உறை. என் நிறுத்தம் வந்த இடத்தில் அவர் "பாவம்" என்றார். பிறகு பேனா இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். கொடுத்தேன். உறையின் பின்புறத்தில் அந்தத் தொலைபேசி எண்ணை எழுதிக்கொண்டார்.

மணவாளக்குறிச்சி மகள்

டீச்சர், ஃபோரர் கதை எல்லாம் சரி. ஆனால் நீங்கள் எல்லாவற்றையும் கேட்பவர் தலையில் கட்டுகிறீர்கள். சொல்பவரின் தொனிக்கு என்ன அளவுகோல்?

திருவனந்தபுரத்தில் அம்மாவுக்குக் கீமோ ஏறிக்கொண்டிருந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து ஒரு அறிவியல் நிகழ்ச்சி கேட்டேன். எங்கள் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமமும், அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமமும் இருக்கிறது. இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். நிகழ்ச்சியில் கேரளக் கடற்கரையிலுள்ள கருநாகப்பள்ளியில் நடந்த ஆய்வைச் சொன்னார்கள். ஏறக்குறைய 70,000 பேரைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்து, அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-இல் வெளியிட்டார்கள். நான் அதை ஏற்கிறேன். அம்மாவின் நோய் மணலால் வந்தது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு தனி ஆளுக்கு எதனால் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது என்பதும் தெரியும். ஆனால் ஆய்வைச் சொன்ன அதே மூச்சில், இன்னமும் பயப்படும் கடற்கரைக்காரர்களைப் பற்றி ஒரு நகைச்சுவை சொல்லிச் சிரித்தார்கள். அந்த ஆய்வு கொல்லம் மாவட்டத்தில் நடந்தது. எங்கள் ஊர்க்காரர் கேட்பது மணலைத் தோண்டும்போது பறக்கும் தூசியைப் பற்றியும்தான். அந்தக் கேள்விக்கு அங்கே பதிலே இல்லை. சிரிப்பு மட்டும் இருந்தது. காதிலிருந்து கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

மார்த்தாண்டம் டீச்சர் (ஓய்வு)

மகளே, சிரித்தது தவறு. ஆனால் தொனி பிடிக்கவில்லை என்பதற்காக ஆய்வின் முடிவைத் தள்ளிவிடக் கூடாது, அதை மட்டும்

மணவாளக்குறிச்சி மகள்

தள்ளவில்லை டீச்சர். "ஏற்கிறேன்" என்று எழுதியிருக்கிறேன். மீண்டும் படியுங்கள்.

மார்த்தாண்டம் டீச்சர் (ஓய்வு)

படித்தேன். ஆமாம், எழுதியிருக்கிறாய். என் அவசரம். மன்னித்துக்கொள். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?

குலசேகரம் வெட்டுக்காரன்

பின்குரல் அண்ணா, இன்று காலை முழுவதும் உங்கள் பதிவுதான் மனதில் ஓடியது. மாமா கேட்டது எந்த வைத்தியர் நிகழ்ச்சி என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. உங்கள் மேல் கோபமும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அம்மாவிடம், அது என் குரல்தான் என்று சொன்னீர்களா?

பின்குரல்

இல்லை தம்பி. பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். குலசேகரம் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டார்கள்.