பாலிமார்ஃபிசம்: ‘பல்லுருமை’யா, ‘பாடபேதமா’?

அனைவருக்கும் வணக்கம்.

ஒட்டக இனங்களின் மரபணு வேறுபாடு, உடல் எடை பற்றிய கட்டுரையைத் தமிழில் தரும் ஐயா, பாலிமார்ஃபிசத்துக்கு, அதாவது ஒரே மரபணு ஒரு கூட்டத்துக்குள்ளேயே சற்று மாறி மாறி இருப்பதற்கு, ‘பல்லுருமை’ என்று போட்டிருக்கிறார். சொல்லில் குறையில்லை. ஆனால் அந்த ‘உரு’ இடிக்கிறது.

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் நின்று பாருங்கள். தரகர் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பார், சுழி பார்ப்பார், திமிலைத் தட்டுவார். புங்கனூர்க் குட்டை மாடு வந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும். (1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை புங்கனூரும் நம் வடஆற்காடுதான்!) அதெல்லாம் உரு. கட்டுரை பேசுவதோ வேறு: சூடான் ஒட்டகங்களின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவில் ஓரிடத்தில் சிலவற்றுக்கு ‘சி’ என்ற டி.என்.ஏ. எழுத்து, சிலவற்றுக்கு ‘டி’. அதுவும் இன்ட்ரானில், புரதம் உருவாகுமுன்பே வெட்டி எறியப்படும் பகுதியில். தரகர் கண்ணுக்கு மட்டுமல்ல, புரதத்திலும் அந்த எழுத்து தென்படாது.

ஓலை ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் இதற்குச் சொல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்: பாடபேதம், அதாவது ஒரே நூலின் வரி ஏட்டுக்கு ஏடு மாறி வருவது. ஒரே ஏட்டில் மட்டும் இருந்தால் எழுதியவர் கைப்பிழை என்று தள்ளலாம். பல ஏடுகளில் வந்தால் தள்ள முடியாது. மரபியலிலும் கூட்டத்தில் நூற்றுக்கு ஒரு பங்காவது காணப்பட்டால்தான் பாலிமார்ஃபிசம் என்பது வழக்கம். ஆகவே எஸ்.என்.பி.க்கு (ஓரெழுத்து மட்டும் மாறும் பாலிமார்ஃபிசத்துக்கு) ‘ஓரெழுத்துப் பாடபேதம்’. அல்லீல், அதாவது அந்த இடத்தில் வரும் மாற்று வடிவம் ஒவ்வொன்றும், வெறும் ‘பாடம்’: சி பாடம், டி பாடம். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று மரபணு இரண்டு படியாக வருவதால், இரண்டும் ஒத்திருந்தால் ‘ஒருபாடம்’, மாறியிருந்தால் ‘இருபாடம்’. ஹோமோசைகஸ், ஹெட்டிரோசைகஸ் தொல்லையும் தீர்ந்தது.

பள்ளிக்கூடப் பாடத்தோடு குழம்பாதா என்று குடியாத்தம் அம்மா கேட்டிருந்தார். மரபணுவை ஒட்டி வரும்போது குழம்பாது அம்மா. ‘பேதம்’ வடசொல் என்பவர்கள் ‘பாட வேறுபாடு’ எனலாம், எனக்கு மறுப்பில்லை.

கட்டுரைத் தலைப்பில் உள்ள ‘எடை மரபணு’வை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எடையில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. தீனிக்கும் தண்ணீருக்கும் உண்டு. மேடைத் தராசு இல்லாத இடத்தில் ஒட்டகத்தின் எடையே நாடாக் கணக்குதான். தோள் உயரம், மார்புச் சுற்று, திமில் சுற்று மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 50ஆல் பெருக்குவார்கள். 1.9, 2, 2.5 என்றால் 475 கிலோ. திமில் கொழுப்பு வற்றினால் கணக்கும் இறங்கும். எடையில் கால்பங்கு தண்ணீராக இழந்தும் தாங்கும் பிராணி, தொட்டியைக் கண்டால் பத்து நிமிடத்தில் 100 லிட்டர் குடித்துவிடும். காலையில் ஓர் எடை, மாலையில் ஓர் எடை. பாடம் மாறவே இல்லை.

எனவே ‘எடையைக் கூட்டும் பாடம்’ வேண்டாம், ‘கூடிய எடையோடு சேர்ந்து காணப்படும் பாடம்’ என்றே எழுதுங்கள். நீளம்தான், பரவாயில்லை. ‘உடல் எடை’க்கு நம் ஆட்டு வியாபாரிகளின் ‘உயிர் எடை’ இருக்கட்டும். கறி எடையிலிருந்து தனியாகத் தெரியும்.

அன்புடன்,
வேலூரிலிருந்து