மியூனிக்கிலிருந்து ஐந்து நாடுகள்: ஸ்டெல்வியோ கணவாய் குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். ஜூன் முதல் வாரத்தில் மியூனிக்கில் வாடகைக் கார் எடுத்து, சால்ஸ்பர்க், லியுப்லியானா, வெனிஸ், மிலான், சூரிச் வழியாக 14 நாட்களில் மியூனிக்குக்கே திரும்பத் திட்டமிட்டுள்ளோம். ஆஸ்திரியாவிலும் ஸ்லோவீனியாவிலும் நெடுஞ்சாலைக்கான வின்யெட் (சாலைக் கட்டண வில்லை) சில நாட்களுக்கு மட்டுமானதாகவும் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்திலோ ஒரே நாள் ஓட்டினாலும் 40 பிராங்க் கொடுத்து ஆண்டு வின்யெட்தான் வாங்க வேண்டுமாம் (சற்று அநியாயம்தான், போகட்டும்).

என் தயக்கமெல்லாம், இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் 2,750 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள ஸ்டெல்வியோ கணவாயைப் பற்றியதே. ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அச்சாலையில், மலையேறினாலே தலைசுற்றும் அம்மாவை அழைத்துச் செல்லலாமா, ஜூன் தொடக்கத்தில் பாதை உறுதியாகத் திறந்திருக்குமா, அல்லது மிலானிலிருந்து சுவிட்சர்லாந்தின் சான் பெர்னார்டினோ சுரங்கப்பாதை வழியாகச் சூரிச் செல்வதே நல்லதா என்பதை அங்கு கார் ஓட்டிய அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.