27 குதிரைவலு உழவு மெஷினுக்கு முன் லோடர்: எதைப் பார்த்து எடுக்கிறது?

தம்பலகாமத்திலிருந்து எழுதுறன். எங்களிட்ட 27 குதிரைவலு, நாலு சில்லும் இழுக்கிற சின்ன மெஷின் ஒண்டு இருக்கு. பட்டியில 18 மாடு. மாரி தொடங்கினால் சாணியும் சேறும் கணுக்கால் மட்டும் நிக்கும். அப்பா மம்பட்டியால வழிச்சு வழிச்சு இப்ப இடுப்பை நிமிர்த்த ஏலாமல் இருக்கிறார். பெரும்போக மழைக்கு முதல், முன்னுக்குப் பக்கெட்டால அள்ளித் தூக்குற லோடர் ஒண்டு பூட்டியாக வேணும். கொழும்பில ஒரு பழசு இருக்கு, 450 கிலோ தூக்குமாம். இங்க ஒரு பட்டறையில புதுசா அடிச்சுத் தருவாங்க, 700 கிலோ எண்டு சொல்றாங்க, விலையும் குறைவு. சாணி, எரு, இடைக்கிட மணல். எதை எடுக்கலாம்?

கிண்ணியாவிலிருந்து:
தம்பி, அந்தக் கணக்கை எந்த இடத்தில அளந்தது எண்டு முதல்ல கேளுங்க. பக்கெட் கொழுவுற ஆணியில (pin) அளந்ததைத்தான் கனபேர் சொல்லுவாங்க. பாரம் கிடக்கிறது அதுக்கும் முன்னுக்கு, அங்க தூக்குறது குறையும். ஈர மணல் ஒரு கன மீட்டர் 1,900 கிலோ அளவில வரும். 0.2 கன மீட்டர் பக்கெட் நிரம்பினாலே 380 கிலோ. சாணி அதில அரைவாசிதான். பக்கெட் முன் ரயர்களை விடக் கொஞ்சம் அகலமா இருக்கட்டும், இல்லாட்டி வழிச்ச இடத்தையே சில்லு திரும்ப மிதிக்கும்.

மூதூரிலிருந்து:
தூக்குற கிலோவை விட, லோடர் மெஷினில எங்க பிடிச்சிருக்கு எண்டு பாருங்கோ தம்பி. என்ர 24 குதிரைவலு மெஷினுக்கு ஒரு பட்டறையில பூட்டினன். கிளச்சை மூடியிருக்கிற வார்ப்பு இரும்புக் கூடு (கிளச் ஹவுசிங்), அதின்ர போல்ட்டில மட்டும் லோடர்த் தூணை இறுக்கி விட்டாங்கள். நாலாம் மாசம் ஒரு விடியக்காலம் கீழ ஒயில் சொட்டிக் கிடந்தது. துணியால துடைச்சால் போல்ட் ஓட்டையிலிருந்து மயிர் மாதிரி ஒரு கோடு. துடைக்கத் துடைக்க அதுக்குள்ளால கசியுது. வார்ப்பு இரும்பு வெடிச்சிட்டுது. மெஷினை ரெண்டாப் பிரிக்க வேண்டி வந்து, அந்தச் சிறுபோகம் கூலி மெஷினிலதான் உழுதன். ரெண்டு பக்கமும் இரும்புச் சட்டம் முன்னுக்கிருந்து பின் அச்சு வரைக்கும் ஓட வேணும். அது இல்லாத லோடரை இனாமாத் தந்தாலும் எடுக்காதையுங்கோ. பின்னுக்குப் பாரமும் கட்டாயம்.

தம்பலகாமம்:
அண்ணே, பாரத்துக்குப் பின் ரயரில தண்ணி விட்டால் காணாதா?

மூதூர்:
விடுங்கோ, முக்கால் ரயருக்கு. எங்கட ஊரில தண்ணி உறையாது, பச்சைத் தண்ணியே போதும். மெஷின் பக்கவாட்டில ஆடுறது குறையும். ஆனா முன் அச்சில ஏறுற பாரத்தை அது குறைக்காது. பின் அச்சுக்கும் பின்னால தொங்குற பாரம்தான் முன்பக்கத்தைக் கிளப்பி விடும். டீசல் பீப்பாவை அரைவாசியா வெட்டி, குறுக்க தண்டு விட்டு கொங்கிறீட் போட்டால் 250 கிலோ வரும். மண் கிளறுற ரொட்டவேற்றரைப் பின்னுக்குக் கொழுவி விட்டாலும் சரி. பக்கெட்டோட ஓடேக்க முழங்கால் உயரத்துக்கு மேல தூக்காதையுங்கோ, வரம்பு ஏறேக்க கவிழும்.

தம்பலகாமம்:
பட்டறையில கேட்டன், பின் அச்சு வரைக்கும் சட்டம் போடுறதில்லையாம். கொழும்புக்காரர் படம் அனுப்பினார், அதில சட்டம் முழுசா ஓடுது. ஆனா வேற மொடல் மெஷினில இருந்து கழட்டினது. ஓட்டைகள் பொருந்துமா எண்டு அளக்க வெள்ளிக்கிழமை போறன். அரைப் பீப்பா ஒண்டு தேடி வச்சாச்சு.