மறு: அனாட்ரோமஸ், கேட்டாட்ரோமஸ் மீன்களுக்குத் தமிழ்ச்சொல்: ஆறேறி, கடலிறங்கி

அனைவருக்கும் வணக்கம்.

கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றுக்கு ஏறும் மீன் அனாட்ரோமஸ், ஆற்றில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்கு இறங்கும் மீன் கேட்டாட்ரோமஸ். உயிரியல் பாடத்துக்காக இந்த இரண்டு சொற்களுக்கும் தமிழ் கேட்டிருந்த ஆசிரியை அம்மாவுக்கு இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று. ‘நன்னீர்புகு இனப்பெருக்க இடம்பெயர் மீன்’, ‘உவர்நீர்–நன்னீர் மீன்’, இல்லையென்றால் அனாட்ரோமஸ் என்றே எழுதிவிடலாம் என்பது மூன்றாவது. முதலாவது சொல் அல்ல, வரையறை. அதை வரையறையாகவே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதில் திசை இல்லை. உல்லத்துக்கும் (ஹில்சா) விலாங்குக்கும் அதே சொல்தான் வரும், ஆனால் அவை இரண்டும் நேரெதிர்த் திசையில் போகிற மீன்கள். மூன்றாவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. கிரேக்கத்தில் ‘அனா’ என்றால் மேலே, ‘கேட்டா’ என்றால் கீழே, ‘ட்ரோமோஸ்’ என்றால் ஓட்டம். கிரேக்கம் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லே பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடும். நம் பிள்ளைக்கு இரண்டும் ஒரே இரைச்சல். தேர்வுக்கு முந்தின இரவு எது எது என்று மாற்றி மாற்றி மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

என் பரிந்துரை: அனாட்ரோமஸ் மீன் ‘ஆறேறி’, கேட்டாட்ரோமஸ் மீன் ‘கடலிறங்கி’.

‘ஏறு’ என்பதை நான் புதிதாகக் கொண்டுவரவில்லை. மழை பெய்து புதுத்தண்ணீர் வரும்போது ஊரில் என்ன சொல்கிறோம்? ‘மீன் ஏறுது’ என்கிறோம். ஓடையிலும் மடைவாயிலும் தண்ணீரை எதிர்த்து மீன் வருவதற்கு இந்த வினைதான் ஆளப்படுகிறது. சொல்லின் அமைப்பும் பழையதே. பனையேறி, மரமேறி என்பவை இருக்கின்றன. மீனிலேயே பனையேறிக்கெண்டை இருக்கிறது. டேனிஷ்காரர் டால்டார்ஃப் தரங்கம்பாடியில் அந்த மீன் பனையில் ஏறுவதைப் பார்த்ததாக எழுதிய குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் வந்தது. பனை ஏறுமா ஏறாதா என்று அறிஞர்கள் வெகுகாலம் விவாதித்தார்கள். நிலத்தில் ஊர்ந்துபோகும், காற்றைச் சுவாசிக்கும் என்பதில் ஐயமில்லை. நமக்கு வேண்டியது பெயரின் வடிவம். அந்த வடிவத்தில் இன்னொரு மீன்பெயர் வந்தால் தமிழ்க் காதுக்கு உறுத்தாது.

புணர்ச்சி பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆறு + நீர் ஆற்றுநீர் ஆவதுபோல இதுவும் ‘ஆற்றேறி’ ஆக வேண்டாமா என்று புலவர் ஐயா கேட்பார். ‘டறஒற்று இரட்டும் வேற்றுமை மிகவே’ என்றுதான் நன்னூல் சொல்கிறது. ‘மிகவே’ என்றதால் இரட்டாமல் வருவதற்கும் இடமுண்டு. சோறுண்டான் என்கிறோம், சோற்றுண்டான் என்பதில்லை. ஆற்றை ஏறுவது ஆறேறி. சொல்வதற்கும் எளிது.

இனி முக்கியமான சிக்கலுக்கு வருகிறேன். நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்:

> கொடுவாக் குஞ்சும் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறித்தானே வருகிறது? அதுவும் ஆறேறியா?

நல்ல கேள்வி. சொல் நிற்குமா விழுமா என்பது இதில்தான் இருக்கிறது. கொடுவா முட்டையிடுவது கழிமுகத்தை ஒட்டிய உப்புநீரில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகக் கழிக்கும் ஆற்றுக்கும் ஏறி வந்து, சில ஆண்டுகள் வளர்ந்து, ஆணாகப் பருவமடைந்து, இனப்பெருக்கத்துக்காகக் கடல்பக்கம் இறங்குகின்றன. அப்புறம் அவற்றில் பல பெண்ணாக மாறுகின்றன. ஆக, இரண்டு நீருக்கும் இடையே போய்வரும் எல்லா மீனும் வாழ்வில் ஒருமுறையாவது ஏறும், ஒருமுறையாவது இறங்கும். ஏறியதையும் இறங்கியதையும் மட்டும் பார்த்தால் இரண்டு வகையும் குழம்பிவிடும். எனவே வரையறையில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: முட்டையிடப் போகும் தாய்மீனின் திசையே பெயரைத் தீர்மானிக்கும். முட்டையிட ஆற்றில் ஏறினால் ஆறேறி, கடலுக்கு இறங்கினால் கடலிறங்கி. அதன்படி கொடுவா கடலிறங்கி, மடவையும் அப்படியே. குஞ்சு எந்தப் பக்கம் போனாலும் கணக்கில்லை.

இந்த வரி இல்லாவிட்டால் ஆங்கிலத்திலும் இதே குழப்பம்தான். 1949இல் அமெரிக்க மீனியல் அறிஞர் ஜார்ஜ் மையர்ஸ் இச்சொற்களை ஒழுங்குபடுத்தி எழுதிய கட்டுரைக்கே அதுதான் காரணம். இரண்டு நீருக்கும் இடையே போய்வரும் மீன்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராக டயாட்ரோமஸ் என்பதை அவர்தான் தந்தார். அதற்கு ‘இருநீர் வலசை மீன்’ என்பது என் பரிந்துரை. பறவைக்கு வலசை நிலைபெற்றுவிட்டது, மீனுக்கும் அதையே நீட்டலாம். ஆற்றுக்குள்ளேயே இடம் மாறும் மகசீர் போன்றவற்றுக்கு ஆற்றுவலசை, சூரைக்குக் கடல்வலசை. இவற்றில் தகராறு வராது என்று நினைக்கிறேன்.

‘இருநீர்’ என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நீர் மாறுவது மீனுக்குச் சின்ன விஷயம் அல்ல. கடலில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. இந்த மீன்களின் குருதியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே கடலில் மீனின் உடலிலிருந்து தண்ணீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். மீன் கடல்நீரைக் குடித்து ஈடுகட்டுகிறது. கூடவே வந்த உப்பைச் செவுளிலுள்ள தனி உயிரணுக்கள் வெளியே தள்ளுகின்றன, சிறுநீர் மிகக் குறைவு. ஆற்றுக்குள் வந்ததும் எல்லாம் தலைகீழ். தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே போய்க்கொண்டே இருக்கும். இப்போது குடிப்பதை ஏறக்குறைய நிறுத்த வேண்டும், நீர்த்த சிறுநீரை நிறையக் கழிக்க வேண்டும், அதே செவுள் உப்பை வெளியிலிருந்து உள்ளே இழுக்க வேண்டும். செவுள் மூடியைத் தூக்கினால் சிவப்புச் சீப்புப் பற்களாகத் தெரிகிறதே, அந்த மெல்லிய இழைகளில்தான் இத்தனையும் நடக்கிறது. பெரும்பாலான மீன்களால் இது முடியாது. முடிந்த சிலவற்றுக்கு ஒரு நல்ல பெயர் வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான்.

ஆறேறிக்கு நம் பக்கத்துச் சான்று உல்லம், வங்காளிகளின் இலிஷ். கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு மழைவெள்ளத்தில் ஏறுகிறது, அதனால்தான் ஆற்றில் பிடித்ததற்கு அவ்வளவு ருசி. கோதாவரிக்காரர்கள் இதைப் பெயரிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். கடலில் இருக்கும்வரை வலசா, கோதாவரிக்குள் ஏறிவிட்டால் புலசா. தாலியை விற்றாவது புலசா தின்ன வேண்டும் என்று ஆந்திரத்தில் சொலவடை. புளி கரைத்து, வெண்டைக்காய் போட்டு, மண்சட்டியில் விறகடுப்பில் வைத்து, மறுநாள்தான் சாப்பிடுவார்கள். கிழக்கு வங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் துர்கா பூசைக் காலம் முடிந்ததிலிருந்து தை மாசியில் வரும் சரஸ்வதி பூசை வரை இலிஷை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. மீன் முட்டையிட்டுக் குஞ்சு தேறும் காலம் அது. இன்று வங்கதேச அரசு அக்டோபரையொட்டி 22 நாள் இலிஷ் பிடிக்கத் தடை போடுகிறது.

காவிரியிலும் உல்லம் ஏறியது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தபின் அந்த வரத்து சரிந்தது. 1975இல் மேற்கு வங்கத்தில் ஃபராக்கா அணை வந்தபின் கங்கையிலும் அதே கதை. அதற்கு முன் அலகாபாத்தைத் தாண்டியும் இலிஷ் ஏறியிருக்கிறது. அணை என்ன செய்தது என்பதை ‘ஆறேறி’ என்ற சொல் ஒரு பிள்ளைக்கு விளக்கமே இல்லாமல் புரியவைக்கும். ஏற வேண்டிய மீன், ஏற வழியில்லை. ‘அனாட்ரோமஸ் மீன்கள் பாதிக்கப்பட்டன’ என்று எழுதினால் அந்த இழப்பு யாருக்கும் தட்டுப்படாது. காவிரிக் கரையில் பிறந்த பிள்ளைக்காவது அது தட்டுப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

கடலிறங்கிக்கு விலாங்கு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று நாம் ஏசுகிற மீன்தான். ஆண்டுக்கணக்கில் ஆற்றிலும் ஏரியிலும் கிடந்துவிட்டு, காலம் வந்ததும் கண் பெரிதாகி, குடல் சுருங்கி, கடலுக்கு இறங்கும். ஐரோப்பிய விலாங்கு அட்லாண்டிக்கிலுள்ள சர்காசோ கடல்வரை போகிறது என்பதை டேனிஷ் ஆய்வாளர் யோகானஸ் ஷ்மிட் சிறிய, மேலும் சிறிய குஞ்சுகளாகத் தேடிக்கொண்டே போய் 1920களில் நிறுவினார். இன்றுவரை அங்கே அது முட்டையிடுவதை யாரும் கண்ணால் கண்டதில்லை. குஞ்சு பிறக்கும்போது விலாங்குபோலவே இருக்காது. கண்ணாடி இலைபோல் தட்டையாக, முதுகுத்தண்டும் கண்ணும் மட்டும் தெரியும்படி மிதந்து வந்து, கரையை நெருங்கும்போதுதான் உருண்டு திரளும்.

‘கடலிறங்கி’ என்றால் மீனவரைக் குறிப்பதுபோல் ஆகாதா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். ‘கடலுக்குப் போகிறார்’ என்றுதான் கரையில் சொல்கிறோம், ‘கடலிறங்கி’ என்று ஆளைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஐயம் வரும் இடத்தில் ‘கடலிறங்கி மீன்’ என்று எழுதலாம்.

ஆம்ஃபிட்ரோமஸ் மட்டும் என்னிடம் இன்னும் அமையவில்லை. இனப்பெருக்கத்துக்காக அல்லாமல் வாழ்வின் வேறொரு கட்டத்தில் நீர் மாறுபவை அவை. ‘இடைவலசை’ என்று தோன்றியது, மனம் ஒப்பவில்லை. யாராவது முயன்று பாருங்கள். கொள்ளிடக் கரையிலோ தாமிரபரணிக் கரையிலோ இருப்பவர்கள் இன்னொன்றையும் விசாரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்: வெள்ளத்தோடு விலாங்கு கீழே போவதை அங்கே மீன் பிடிப்பவர்கள் எந்த வினையால் சொல்கிறார்கள்? ‘இறங்குது’ என்றா, வேறு ஏதாவதா? வேறு சொல் இருந்தால் ‘கடலிறங்கி’யை மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்.