விளையாட்டு பீரியட் என்றாலே மகனுக்கு வயிற்றுவலி

மதுரை அம்மா:
மகனுக்கு 10 வயது, 52 கிலோ. விளையாட்டு பீரியட் உள்ள நாளில் மட்டும் வயிற்றுவலி என்கிறான். போன வாரம் புத்தகப் பையில் நாலு காலி பிஸ்கட் பாக்கெட். திட்டிவிட்டேன். அன்று ராத்திரி சாப்பிடவே வரவில்லை. எடையைப் பார்ப்பதா, மனசைப் பார்ப்பதா?

இரு பிள்ளைகளின் அப்பா:
இரண்டும் ஒரே முடிச்சுதான் அம்மா. என் மகளும் ஒளித்துத்தான் தின்றாள். வகுப்பில் கேலி, அந்த வருத்தத்தில் தீனி, எடை கூடினால் இன்னும் கேலி. நாங்கள் முதலில் நிறுத்தியது பிஸ்கட்டை இல்லை, வீட்டில் "குண்டம்மா" என்று கொஞ்சியதை.

நர்ஸ் அக்கா:
கிலோவை மட்டும் பார்க்காதீர்கள். உயரம், வயதோடு சேர்த்து பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கு) அட்டவணையில் டாக்டர் பார்க்கட்டும். பட்டினி போட வேண்டாம். தூக்கம் எப்படி? இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். குறைந்தால் பசியும் எரிச்சலும் கூடும். தினம் 60 நிமிடம் ஓடியாடினால் நல்லது, சைக்கிளும் சேர்த்திதான். பள்ளிக்குப் போகவே மறுத்தால் மனநல ஆலோசகரையும் பாருங்கள்.

மதுரை அம்மா:
11 மணி வரை போன்தான் அக்கா. சைக்கிள் பஞ்சராகி மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. அவன் தாத்தா இன்னும் "குட்டி யானை" என்றுதான் கூப்பிடுகிறார். முதலில் அவரிடம் பேசுகிறேன்.